மன்னிப்பு மார்க்கெட்டில் யாருக்கு டிஸ்கவுன்ட்?

கோவில்பட்டி கடலைமிட்டாய் ஒரு கிலோ பாக்கெட்டைக் கையில் தூக்கிப் பார்த்திருக்கீங்களா? எங்க இளையரசனேந்தல் பக்கம் யார் வெளியூர் கிளம்பினாலும் பையில ஒண்ணு இருக்கும். கிட்டத்தட்ட அதே எடை, கரெக்டா சொன்னா 1,017.9 கிராம் கஞ்சா. இதுக்காகத்தான் சிங்கப்பூர் தமிழர் தங்கராஜு சுப்பையாவை 2023 ஏப்ரல் 26-ம் தேதி தூக்கில் போட்டாங்க. அந்தப் பொட்டலத்தை அவர் கையால தொட்டதாகக்கூட வழக்கு இல்லை. போன்ல பேசி கடத்தலுக்கு ஏற்பாடு செய்தார் என்பதுதான் குற்றச்சாட்டு.

இப்போ இன்னொருத்தர். பேரு ராஸ் உல்ப்ரிக்ட். அமெரிக்காவில் இயற்பியல் படிச்சு, மெட்டீரியல் சயின்ஸில் மாஸ்டர்ஸ் முடிச்ச பையன். அதாவது, நம்ம இனம்! 2011-ல் 'சில்க் ரோடு' என்று ஒரு சைட் ஆரம்பிச்சார். 'டோர்' வழியாகத்தான் உள்ளே போக முடியும், பிட்காயின்லதான் காசு. ஹெராயின், எல்.எஸ்.டி. எல்லாம் ஸ்டார் ரேட்டிங்கோட விற்பனை. ஒவ்வொரு வியாபாரத்துக்கும் இவருக்குக் கமிஷன். மொத்தம் 20 கோடி டாலருக்கு மேல போதைச் சரக்கு கைமாறியதாக அமெரிக்க அரசுத் தரப்பு கணக்குச் சொன்னது. இவரை 2025 ஜனவரி 21-ம் தேதி அதிபர் டிரம்ப் முழுசா மன்னிச்சு அனுப்பிட்டார்.

தலை சுத்துதா? எனக்கும்தான்.

மாட்டின கதை நம்ம கம்ப்யூட்டர் லேப் கூட்டத்துக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு வரித்துறை அதிகாரி சும்மா கூகுள்ல நோண்டினதில் பழைய பதிவு ஒண்ணு சிக்குச்சு. ஆள் தேவைன்னு சொந்த ஜிமெயில் முகவரியையே கொடுத்திருந்தார் தலைவர்! போதாததுக்கு, பி.ஹெச்.பி.யில் டோர் சைட்டை இணைக்கிறது எப்படின்னு புரோகிராமர்கள் சந்தேகம் கேட்கிற இடத்தில், சொந்தப் பேரிலேயே கேட்டுட்டு அப்புறம் பேரை மாத்தினார். 2013 அக்டோபர் 1, சான்ஃபிரான்சிஸ்கோ நூலகம். பின்னாடி ஒரு ஜோடி சண்டை போடுற மாதிரி நடிக்க, இவர் திரும்பிப் பார்த்த கேப்பில் திறந்திருந்த லேப்டாப்பை அள்ளிட்டாங்க. லாக் ஆகியிருந்தா உள்ளே இருக்கிறதை எடுப்பது பெரும்பாடு ஆகியிருக்கும்.

2015 மே மாதம் தீர்ப்பு. இரட்டை ஆயுள், மேல 40 வருஷம், பரோல் கிடையாது. அந்தச் சரக்கோடு தொடர்புள்ள 6 சாவுகளை அரசுத் தரப்பு கோர்ட்டில் அடுக்கியது. பிள்ளையை இழந்த பெற்றோர் வந்து பேசினாங்க. இன்னொரு பக்கம், வழக்கை விசாரிச்ச ரெண்டு அதிகாரிகளே பிட்காயினைச் சுருட்டி ஜெயிலுக்குப் போனது தனிக் காமெடி.

என்னைக் கேட்டா, சாகும்வரை ஜெயில் என்பது ஓவர். ஏன்னா அது எதையும் நிறுத்தலை. சில்க் ரோடு மூடின அடுத்த மாசமே 'சில்க் ரோடு 2.0' முளைச்சது. அப்புறம் அதைவிடப் பெருசா 'ஆல்ஃபாபே'. ஆனா தண்டனையைக் குறைக்கிறது வேற, குற்றத்தையே துடைச்சு விடுறது வேற. 2024 மே மாசம், தனிமனித சுதந்திரம் பேசுற லிபர்டேரியன் கட்சி மேடையில ஓட்டுக் கேட்கும்போதே டிரம்ப் இந்த விடுதலையை வாக்குறுதியாக் கொடுத்துட்டார். அந்த 6 வீட்டுக்காரங்களுக்கு மேடையும் இல்லை, ஓட்டு வங்கியும் இல்லை.

அதே சைட்டில் கடை விரிச்ச நம்ம ஊர் ஆள் ஒருத்தரும் உண்டு. உத்தரகாண்ட் ஹல்த்வானியைச் சேர்ந்த பன்மீத் சிங். 2019-ல் லண்டனில் கைதாகி, அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, 2024-ல் 5 வருஷம் தண்டனை வாங்கினார். சுமார் 15 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோவையும் பறிகொடுத்தார்.

'தடைச் சட்டமே வேண்டாம், திறந்து விட்டா கள்ள மார்க்கெட் தானா செத்துப்போகும்' என்று சிலர் சொல்றாங்க. தமிழ்நாட்டுக்காரங்க கிட்ட வந்து சொல்லணும் இதை! 1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். 1971-ல் தளர்ந்தது, திரும்ப வந்தது, திரும்பப் போனது. 1983-ல் டாஸ்மாக். கடை திறந்திருக்கும்போதே 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல இறந்தாங்க. டாஸ்மாக் குவார்ட்டரைவிடப் பாக்கெட் சாராயம் மலிவு. கூலி வேலைக்காரருக்கு அதுதான் கணக்கு.

சிங்கப்பூர்ல மன்னிப்பே கிடையாதான்னு கேட்கலாம். 1998-க்கு அப்புறம் முதல் தடவையா 2025 ஆகஸ்ட்டில் ஒருத்தருக்குத் தூக்கு, ஆயுளாக மாறுச்சு. அமைச்சரவை ஆலோசனைப்படி கையெழுத்துப் போட்டவர் அதிபர் தர்மன் சண்முகரத்னம். ரெண்டே மாசத்தில், அக்டோபர் 8-ம் தேதி, மலேசியத் தமிழர் பன்னீர்செல்வம் பரந்தாமனுக்குத் தூக்கு. 51.84 கிராம் ஹெராயின். ஒரு முட்டையின் எடை.

சரி, நம்ம நாட்டில்? 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 32-ஏ என்று ஒரு பிரிவு. அண்ணா பிறந்தநாளுக்குக் கைதிகளை விடுவிக்கிறதைப் பேப்பரில் படிச்சிருப்பீங்க இல்லையா, அந்த மாதிரி தண்டனைக் குறைப்பு இந்தச் சட்டத்தில் உள்ளே போனவங்களுக்குக் கிடையாது. ஜனாதிபதியோ கவர்னரோ அரசியலமைப்புப்படி மனசு வெச்சாத்தான் உண்டு. 20 கிலோ கஞ்சாவுக்குக் குறைந்தது 10 வருஷம். எல்.எஸ்.டி.க்கு அதே 10 வருஷம் எவ்வளவில் ஆரம்பிக்குது தெரியுமா? 0.1 கிராம். ஹாஸ்டல் ரூம்மேட் 'பார்சல் வருது, உன் பேரும் அட்ரஸும் போட்டுக்கவா'ன்னு கேட்டா, இந்த நம்பர் ஞாபகம் இருக்கட்டும் மாப்ளே.

அதே சட்டத்தில் 64-ஏ என்று இன்னொரு பிரிவும் இருக்கு. யாரும் மேடையில பேசாத பிரிவு. அடிமையாகிப் போன ஒருத்தர், பயன்படுத்தியதற்காகவோ சின்ன அளவு வெச்சிருந்ததற்காகவோ மாட்டினாலும், தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற மையத்தில் சிகிச்சை எடுத்துக்கிட்டா வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையை முழுசா முடிக்கணும், பாதியில் ஓடினா விலக்கு போயிடும். எங்கே போறதுன்னு தெரியலையா? 14446-க்கு போன் போடுங்க. மத்திய அரசின் போதை மீட்பு ஹெல்ப்லைன், கட்டணம் கிடையாது.