நாள்பட்ட முதுகுவலி: எமர்ஜென்சிக்கு எப்போது ஓட வேண்டும்? அங்கே என்ன சொல்ல வேண்டும்?

"ரெண்டு வருஷமா இருக்கிற இடுப்புவலிதானே... இதுக்கு ஏன் கேஷுவாலிட்டிக்கு வந்தீங்க?"

முதுகுவலியோடு ராத்திரி நேரத்தில் மருத்துவமனைக்குப் போனவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்கள். டியூட்டி டாக்டர் கேட்டிருக்கலாம், நர்ஸ் கேட்டிருக்கலாம், கூட வந்த அண்ணனேகூட கேட்டிருக்கலாம். வலியில் துடிக்கிறவருக்கு எரிச்சலூட்டும் கேள்விதான். ஆனால், நாம் சொல்லும் பதிலில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு வலி ஊசி போட்டு அனுப்புவதா, உடனே எம்.ஆர்.ஐ. எடுப்பதா என்பது பெரும்பாலும் அதை வைத்துத்தான் முடிவாகிறது.

2020-ம் ஆண்டுக் கணக்குப்படி உலகம் முழுக்க சுமார் 61.9 கோடிப் பேருக்குக் கீழ் முதுகுவலி இருந்தது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதில் சுமார் 90 சதவீதத்தினருக்கு, 'இதுதான் காரணம்' என்று ஒரு நோயையோ எலும்பையோ கைகாட்ட முடியாது. வலி நிஜம்தான், ஆனால் அவசர ஆபத்து இல்லாத வலி. மீதமுள்ளவர்களில் சிலருக்கு மட்டும் சில மணி நேரத் தாமதமே வாழ்நாள் பாதிப்பாகிவிடலாம். இந்த இரண்டு ரகத்தையும் பிரிப்பதுதான் எமர்ஜென்சி டாக்டரின் முதல் வேலை.

தமிழக அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவில் நோயாளிகளை சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தரம் பிரிக்கிறார்கள். பல்ஸ், பி.பி., மூச்சு, நினைவு எல்லாம் சரியாக இருந்து, 'பழைய முதுகுவலி' என்று மட்டும் சொன்னால் பச்சையில் காத்திருக்க வேண்டியிருக்கும். வலி பத்துக்குப் பத்து என்றாலும் பி.பி. மெஷினில் அது தெரியாது. ஆகவே, எவ்வளவு வலிக்கிறது என்பதைவிட, என்ன புதிதாக மாறியிருக்கிறது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

சிக்கல் நம் பக்கமும் இருக்கிறது. வருஷக்கணக்கில் வலியோடு வாழ்கிறவர்கள் எதையும், 'அதே வலிதான், கொஞ்சம் ஜாஸ்தி' என்று தாங்கிப் பழகியிருப்பார்கள். புதிய அறிகுறியும் அந்தக் கணக்கிலேயே போய்விடுகிறது.

குதிரை வால் நரம்புகள்

தண்டுவடம் முதுகெலும்பின் அடி வரைக்கும் வருவதில்லை. பெரியவர்களுக்கு இடுப்புப் பகுதியின் முதல் அல்லது இரண்டாவது எலும்பு அளவிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே கால்கள், சிறுநீர்ப்பை, ஆசனவாய், பிறப்புறுப்பு ஆகியவற்றுக்குப் போகும் நரம்புகள் கொத்தாகத் தொங்குகின்றன. பார்க்கக் குதிரை வால் மாதிரி இருப்பதால் லத்தீனில் 'காடா எக்வைனா' என்று பெயர். டிஸ்க் பெரிதாகப் பிதுங்கி இந்தக் கொத்தையே நசுக்கினால், அது நிஜமான எமர்ஜென்சி. அடிக்கடி வருவதில்லை. ஆனால் ஏற்கெனவே டிஸ்க் பிரச்னையும் சியாட்டிகாவும் உள்ளவர்கள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டியது இது.

எப்படித் தெரியும்? யூரின் முட்டுகிற உணர்ச்சி குறையும். பாத்ரூமில் போய் நின்றாலும் வராது, அல்லது முக்கினால்தான் வரும். சிலருக்குத் தெரியாமலே சொட்டும். பைக் சீட்டில் உட்காரும்போது சீட்டில் படுகிற இடமெல்லாம் மரத்துப்போகும். டாய்லெட் போய்விட்டுக் கழுவும்போது தண்ணீர் படுவதே சரியாகத் தெரியவில்லை என்றால், அதுவும் இந்த அறிகுறிதான். ஒரு காலில் மட்டும் இறங்கிய வலி இரண்டு காலுக்கும் பரவலாம், கால்கள் பலமிழக்கலாம். நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் நாலு அடி போய்விட்டுத் திரும்பிப் பார்ப்பதும் இதில் சேரும். தாம்பத்தியத்தில் உணர்ச்சி குறைவது இன்னொரு அடையாளம், பலர் சொல்லவே மாட்டார்கள்.

இந்தக் கூச்சம்தான் பெரிய தடை. 'அந்த இடத்துல மரத்துப்போச்சு' என்று கூட்டமாக இருக்கிற கேஷுவாலிட்டியில், மாமனார் பக்கத்தில் நிற்கும்போது எப்படிச் சொல்வது? சொல்லித்தான் ஆக வேண்டும். தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம். பெண்கள், பெண் டாக்டரையோ நர்ஸையோ உடன் இருக்கச் சொல்லலாம். ஆசனவாயைச் சுற்றித் தொட்டுப் பார்ப்பது இந்தப் பரிசோதனையின் ஒரு பகுதி, அதில் தப்பாக நினைக்க ஒன்றுமில்லை.

யூரின் போய்விட்டு வரச் சொல்லி, பையில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். 200 மி.லி.க்கு மேல் தங்கியிருந்தால் சந்தேகம் கூடும். டிராமடால், அமிட்ரிப்டிலின் போன்ற வலி மாத்திரைகளாலும் யூரின் தங்கலாம். 'மாத்திரையாலதான் இருக்கும்' என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது. எது காரணம் என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

நரம்பு நசுங்குவது உறுதியானால் ஆபரேஷன்தான். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் செய்தவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்ததை ஆய்வுகள் காட்டுகின்றன. சனிக்கிழமை மரத்துப்போனதை, 'திங்கட்கிழமை ஓ.பி.யில் பார்த்துக்கலாம்' என்று விட்டால் அந்த நேரம் முடிந்துவிடும். பிறகு வாழ்நாள் முழுக்க டியூபும் டயப்பரும் என்றாகலாம்.

இது தவிர, முதுகுவலியோடு காய்ச்சலும் குளிரும் சேர்ந்தால் தண்டுவடத்துக்குப் பக்கத்தில் சீழ் பிடித்திருக்கலாம். சர்க்கரை நோயாளிகள், டயாலிசிஸ் செய்பவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது, ராத்திரி வலி என்று வாரக்கணக்கில் இழுத்தால் முதுகெலும்பு டி.பி.யைச் சந்தேகிக்க வேண்டும், நம் ஊரில் இது அபூர்வமல்ல. புற்றுநோய் சிகிச்சை எடுத்தவருக்குப் புதிதாக முதுகுவலி வந்தாலும், வயதானவர் விழுந்த பிறகு வலித்தாலும் காத்திருக்க வேண்டாம். வயதானவருக்குத் திடீரென முதுகும் வயிறும் கிழிவது போல வலித்து மயக்கம் வந்தால், அது வயிற்றுப் பெரிய ரத்தக்குழாய் விஷயமாக இருக்கலாம். உடனே 108.

என்ன சொல்வது, என்ன எடுத்துப்போவது?

கதையை ஆரம்பத்திலிருந்து சொல்ல அங்கே நேரம் கிடைக்காது. முதல் வாக்கியத்திலேயே மாற்றம் வந்துவிட வேண்டும்: "டாக்டர், எனக்கு ரெண்டு வருஷமா டிஸ்க் பிரச்னை இருக்கு. ஆனா நேத்து சாயங்காலம் ஆறு மணியிலருந்து யூரின் வர மாட்டேங்குது, அடியில மரத்துப்போச்சு. இது முன்னாடி இருந்ததில்ல." இவ்வளவு போதும். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பது முக்கியம்.

பழைய எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டையும், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்று எத்தனை மாத்திரை போட்டீர்கள் என்பதை மறைக்காதீர்கள். வலிக்கான கூட்டு மாத்திரைகள் பலவற்றில் ஏற்கெனவே பாராசிட்டமால் இருக்கிறது. அதன் மேல் 650 மாத்திரையும் போட்டால், ஒரு நாளைக்கான உச்ச அளவான 4 கிராமைத் தாண்டுவது சுலபம். அல்சர், கிட்னி பிரச்னை, கர்ப்பம் இருந்தால் ஊசி போடும் முன்பே சொல்லிவிட வேண்டும். டைக்ளோஃபினாக் ஊசி எல்லோருக்கும் ஒத்துவராது.

மேலே சொன்ன அறிகுறிகள் இருந்தால் தெருமுனை கிளினிக்குக்குப் போய் நேரத்தைக் கழிக்க வேண்டாம். எம்.ஆர்.ஐ.யும், முதுகெலும்பு ஆபரேஷன் செய்யும் டாக்டரும் இருக்கிற இடத்துக்குப் போங்கள். போகும் முன் போன் செய்து கேட்டுக்கொள்வது நல்லது. 'சுளுக்கு எடுக்கிறேன்' என்று யாராவது முதுகை அழுத்த வந்தால் வேண்டவே வேண்டாம்.

ஆபத்து இல்லை என்று சொல்லிவிட்டால்?

பெரும்பாலானவர்களுக்கு இப்படித்தான் முடியும். 'எம்.ஆர்.ஐ. எடுக்கவே இல்லை, ஊசி போட்டு அனுப்பிட்டாங்க' என்ற கோபம் வரும். ஆனால், வலியே இல்லாத 20 வயதுக்காரர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அவர்களில் 37 சதவீதத்தினருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. அறிகுறி இல்லாமல் எடுக்கும் ஸ்கேன் பல நேரம் பயத்தைத்தான் கூட்டும்.

வலி மாத்திரையைப் பெயர் சொல்லிக் கேட்டால் சந்தேகமாகப் பார்ப்பதும் நடக்கிறது. டிராமடால் 2018 முதல் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. ஏற்கெனவே டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தால் அந்தச் சீட்டைக் காட்டுவதே சரி. நாள்பட்ட கீழ் முதுகுவலிக்கு இந்த ஓபியாய்டு வகை மாத்திரைகளை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றே 2023-ல் வெளியான உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதலும் சொல்கிறது. உடற்பயிற்சி, பிசியோ, மனநல ஆலோசனை என்று மெதுவாகப் போகிற சிகிச்சைகளையே அது பரிந்துரைக்கிறது. அதற்கான இடம் கேஷுவாலிட்டி அல்ல, ஓ.பி. பல பெரிய மருத்துவமனைகளில் மயக்கவியல் டாக்டர்கள் நடத்தும் வலி சிகிச்சைப் பிரிவும் இருக்கிறது.

கிளம்பும் முன் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: என்ன ஊசி போட்டார்கள், காலில் பலம் எப்படி இருந்தது, எந்த ஓ.பி.க்கு எப்போது வர வேண்டும் என்பதெல்லாம் எழுதிய சீட்டு. வீட்டுக்கு வந்த இரண்டு மணி நேரத்தில் மரத்துப்போக ஆரம்பித்தாலோ, யூரின் வராமல் போனாலோ, அந்தச் சீட்டோடு அதே ராத்திரியே திரும்பப் போகலாம். 'இப்பதானே வந்துட்டுப் போனீங்க' என்று கேட்டால், "அப்ப இது இல்ல, இப்ப இருக்கு" என்று சொல்லுங்கள்.