பொத்தான் பிரேக்: கராஜில் சாவி கொடுக்க முன் ஒரு கேள்வி

ஒரு சோடி பின் பிரேக் பேட் மாற்ற எவ்வளவு நேரம் செல்லும்? கை பழகிய பாஸ் ஒருவருக்கு ஒரு மணித்தியாலம் தாராளமாகப் போதும். எனது காருக்கு ஒன்பது நாட்கள் சென்றன. அதற்குள் இரண்டு தடவை புறக்கோட்டைக்குச் சரக்கெடுக்கப் போகும் பயணம் கெட்டது. ஒரு தடவை வாடகை வான் பிடித்தேன். மறு தடவை போகவேயில்லை. பெருநாள் சீசன் நெருங்கும் நேரத்தில் புடைவைக் கடைக்காரனுக்கு அது எப்படியிருக்கும் என்பதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பக்கத்தில் விலைவாசி, வங்கி, கொடுக்கல் வாங்கல் என்று வாசித்துப் பழகியவர்கள் பிரேக் பற்றி எழுதுவதைப் பார்த்துச் சிரிக்கக் கூடும். ஆனால் நம்மவர்களில் கணிசமானோர் இன்று ஓட்டுவது கை பிரேக் லீவர் இல்லாத வாகனங்களையே. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நமது வீதிகளில் வந்து நிறைந்த ஹொண்டா வெசலை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் பின்னர் வந்த டொயோட்டா சீ-எச்ஆரை எடுத்துக் கொள்ளுங்கள். லீவர் இருக்க வேண்டிய இடத்தில், வட்டத்துக்குள் ‘பி’ எழுத்துப் போட்ட ஒரு சிறு பொத்தான்தான் இருக்கிறது. ஐரோப்பாவின் விலை கூடிய கார்களில் 2001ஆம் ஆண்டளவில் தலைகாட்டிய விடயம் இது. இப்போது கடைக்காரனின் வாசலுக்கும் வந்துவிட்டது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் எல்லோரும் இருந்த வாகனத்தையே ஓட்டித் தேய்த்தோம். ஆகவே இந்தப் பொத்தான் கார்கள் பல, பின் பிரேக் மாற்றும் முறையை இரண்டாம், மூன்றாம் தடவையாகத் தொட்டு நிற்கின்றன.

எனது காரும் அப்படியான ஒரு ஹைப்ரிட்தான். நான் இருப்பது அக்குறணையில். கொழும்புக்குப் போவதென்றால் கடுகண்ணாவை இறக்கம், வருவதென்றால் ஏற்றம். 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள் இறக்கத்தில் பிரேக் மிதிக்கையில் பின்னால் இரும்போடு இரும்பு உரசும் சத்தம் கேட்டது. மறுநாள் காலை வழமையான கராஜுக்குக் கொண்டு போனேன். அந்தப் பாஸிடம் இருபது வருடமாக வேலை செய்விக்கிறேன். வாப்பாவின் பழைய லொறியில் கைவைத்த காலத்திலிருந்து தெரியும். “நானா, கடைய பார்த்துட்டு வாங்க. பகலைக்கு முன்ன முடிச்சி வெக்கிறேன்” என்றார். சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தேன். அவரும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை.

பகல் போனபோது டயர் பூட்டி முடிந்திருந்தது. காரை எடுத்தேன். டேஷ்போர்ட்டில் மஞ்சள் விளக்கு ஒன்று அணையாமல் எரிந்தது. பொத்தானை இழுத்தால் வலப் பக்கச் சில்லிலிருந்து வழமையான ‘ஈ...’ என்ற மெல்லிய சத்தம் வந்தது. இடப் பக்கத்தில் ஏதோ பல் சக்கரம் வழுக்குவது போல ‘கர கர’ என்றது. பாஸின் முகம் மாறிவிட்டது.

நடந்தது இதுதான். பேட் தேயத் தேய, கலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன் வெளியே வந்துகொண்டிருக்கும். தடித்த புதுப் பேட்டைப் போடுவதற்கு அந்தப் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். பழைய கார்களின் முன் பிரேக்கில் ஜீ கிளாம்ப் ஒன்றைப் போட்டு இறுக்கினால் பிஸ்டன் பணிந்து போய்விடும். பொத்தான் பிரேக் கார்களில் பின் கலிப்பரின் முதுகில் ஒரு சிறு மோட்டர் பொருத்தப்பட்டிருக்கிறது. பொத்தானை இழுத்ததும் அந்த மோட்டர் பல் சக்கரங்களின் வழியாக ஒரு திருகாணியைச் சுற்றும். திருகாணியில் ஏறும் நட், பிஸ்டனைப் பின்னாலிருந்து தள்ளி பேட்டை டிஸ்க்கோடு இறுக்கிப் பிடிக்கும். பிரேக்கை விடுவித்த பிறகும் அந்த நட் முழுதாகப் பின்னால் போவதில்லை. பேட் தேய்ந்த அளவுக்கு முன்னாலேயே நிற்கும். அந்த நிலையில் கிளாம்பைப் போட்டு இறுக்கினால் இரும்பை இரும்பு தள்ளுகிறது. எது பலவீனமோ அது உடையும். எனது காரில் உடைந்தது மோட்டருக்குள் இருந்த பல் சக்கரம். வலப் பக்கத்தை அவர் ஏன் உடைக்கவில்லை என்று கேட்கிறீர்களா? இடப் பக்கம் அடம் பிடித்ததால் சந்தேகப்பட்டு, வலப் பக்கம் மெல்லிய பேட்டையே திரும்பப் போட்டிருந்தார். அதைச் சொல்லாமல்தான் பூட்டினார். அது தவறு என்பதைப் பின்னர் அவரே ஏற்றுக் கொண்டார்.

இந்த வகைக் கார்களில் பிரேக்கைக் கழற்ற முன், நட்டை முழுதாகப் பின்னால் எடுக்கும்படி காரின் கம்பியூட்டருக்கே சொல்ல வேண்டும். அதற்கு ‘சேர்விஸ் மோட்’ என்று பெயர். ஸ்கேனரைக் காருடன் இணைத்து இதைச் செய்யலாம். சில ஜப்பான் கார்களில் பிரேக் மிதியையும் பொத்தானையும் ஓர் ஒழுங்கு முறையில் இயக்கி, ஸ்கேனர் இல்லாமலேயே அந்த நிலைக்குக் கொண்டு வரலாம். அந்த ஒழுங்கு காருக்குக் கார் வேறுபடும். அந்தந்தக் காரின் வேர்க்‌ஷொப் புத்தகத்தைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

காரை மெதுவாகக் கண்டியிலுள்ள வேறொரு கராஜுக்குக் கொண்டு போனோம். பாஸும் கூடவே வந்தார். வெட்கப்பட்டுக்கொண்டு ஒதுங்கி நிற்காமல் வந்ததே பெரிய விடயம். அங்கிருந்த இளைஞர் முதலில் ஸ்கேனரைப் பூட்டி, இடப் பக்க மோட்டரில் கோளாறு என்று வாசித்தார். பிறகு மோட்டரை மட்டும் கழற்றித் திருகாணியைக் கையால் சுற்றிப் பார்த்தார். திருகாணி நன்றாகவே சுற்றியது. “கலிப்பர் நல்லா இருக்கு. மோட்டர் மட்டும் போதும்” என்றார்.

இந்த ஒரு வசனத்தின் பெறுமதி பஞ்சிகாவத்தைக்குப் போனபோதுதான் விளங்கியது. முதல் இரண்டு கடைகளிலும் முழுக் கலிப்பராகத்தான் தருவோம் என்றார்கள். மோட்டர் வேறு, கலிப்பர் வேறு. இடையில் இரண்டு ஆணிகள்தான் என்பதை நான் கண்ணால் கண்டிருக்காவிட்டால் கேட்ட காசைக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். மூன்றாவது கடையில் பாவித்த மோட்டர் ஒன்று கிடைத்தது. அதற்கும் பேட்டுக்குக் கொடுத்ததைப் போல நான்கு மடங்கு கொடுத்தேன். 2022 மார்ச்சில் டொலர் 200 ரூபாவை விட்டுப் பாய்ந்து சில வாரங்களில் 300ஐத் தாண்டியதே, அதன் பிறகு உதிரிப்பாக விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவேயில்லை. உதிரிப்பாகம் தேடிப் போகிறவர்கள் காரின் செசி இலக்கத்தையும், கழற்றிய பாகத்தில் பொறித்திருக்கும் இலக்கத்தையும் போனில் படமெடுத்துக் கொண்டு போங்கள். இடதா வலதா என்பதையும் எழுதிக் கொள்ளுங்கள். ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள்.

பிறகு பேட் மாற்றியதை இருவரும் பக்கத்தில் நின்று பார்த்தோம். சமதரையில் கார். முன் சில்லுகளுக்குக் கட்டை. 12 வோல்ட் பெட்டரிக்கு சார்ஜர். பெட்டரி பலவீனமாக இருந்து மோட்டர் பாதி வழியில் நின்றால் வேலை குழம்பிவிடும் என்றார். சேர்விஸ் மோட்டுக்குக் கொண்டு வந்ததும் பின்னால் இரண்டு பக்கமும் மோட்டர் சுற்றி ஓய்ந்தது. அதன் பிறகுதான் சாவியை அணைத்து, கலிப்பரைக் கழற்றினார். சில கார்களில் இஞ்சினை அணைத்தவுடன் பிரேக் தானாகவே இறுகும். சேர்விஸ் மோட்டுக்குப் போகாமல் கலிப்பருக்குள் விரலை வைத்திருப்பவரின் நிலை என்ன என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் பாஸின் கடையில் கை உதவிக்கு இரண்டு பொடியன்மார் இருக்கிறார்கள். அன்று அவர்கள் தப்பியது ஆண்டவன் புண்ணியம்.

கழற்றிய கலிப்பரை ஹோஸில் தொங்க விடாமல் கம்பி ஒன்றில் மாட்டினார். பிஸ்டன் இப்போது கை அமுக்கத்துக்கே உள்ளே போனது. அதைத் தள்ளும்போது மேலே பிரேக் ஒயில் தாங்கி நிரம்பி வழிகிறதா என்று பார்த்தார். வழிந்து பெயின்றில் பட்டால் பெயின்ற் உரிந்துவிடும். டிஸ்க்கின் கனத்தை அளந்தார். ஆகக் குறைந்த கனம் எவ்வளவு என்பது டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் புதுப் பேட் போட்டும் பயனில்லை.

அதைவிட முக்கியமானது அவர் காட்டிய பழைய பேட். புதுப் பேட்டில் உராயும் பகுதி சுமார் 10 மில்லிமீற்றர் இருக்கும். 3க்குக் குறைந்தால் மாற்றிவிட வேண்டும். எனது இடப் பக்க உள் பேட் இரும்புத் தகடு வரை தேய்ந்திருந்தது. அதன் சோடியான வெளிப் பேட்டிலோ பாதிக்கு மேல் மிச்சம். கலிப்பர் வழுக்கிப் போகும் பின்கள் துருவேறி இறுகியதால் வந்த வினை இது. ஹைப்ரிட் கார்களில் வேகத்தைக் குறைக்கும் வேலையில் ஒரு பங்கை மின் மோட்டரே செய்துவிடுவதால், பிரேக்குக்கு வேலை குறைவு. நமது மலைநாட்டு மழைக்கும் ஈரத்துக்கும், வேலையில்லாத பின்கள் இலகுவில் இறுகிவிடுகின்றன. பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்கென்றுள்ள கிறீஸைப் பூசாமல் பேட்டை மட்டும் மாற்றியிருந்தால் புதுப் பேட்டும் அதே வழியில்தான் போயிருக்கும். வருடத்துக்கு ஒரு தடவையாவது இந்தப் பின்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாம் பூட்டிய பிறகு பிரேக் மிதியைப் பல தடவை மிதித்து, பேட் டிஸ்க்கோடு போய்ச் சேர்ந்ததை உறுதி செய்தார். அதற்குப் பிறகே சேர்விஸ் மோட்டிலிருந்து வெளியே வந்தார். மஞ்சள் விளக்கு அணைந்தது. கராஜுக்குப் பின்னால் இருந்த ஏற்றத்தில் காரை நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, மிதியில் காலைத் தயாராக வைத்துக்கொண்டு, பொத்தான் பிரேக் மட்டும் தாங்குகிறதா என்று பார்த்தார். கார் அசையவில்லை.

இனி நட்டக் கணக்கு. மோட்டர், கண்டி கராஜின் கூலி, வாடகை வான் எல்லாவற்றையும் கூட்டி எழுதிக்கொண்டு பாஸிடம் போனேன். “முழுதையும் நான் தாறேன் நானா, மாசா மாசம்” என்றார். பக்கத்துக் கடை ஹாஜியார் அதைத்தான் செய்யச் சொன்னார். “தெரியாத வேலையை எடுத்தவன் அவன்தானே?” என்பது அவரது நியாயம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் எனது கடையில் வாடிக்கையாளர் ஒருவர் துணியின் தன்மையைச் சொல்லாமல் தைக்கக் கொடுத்துவிட்டுப் போனால், அது கெட்டுப் போனதற்கு முழுப் பொறுப்பும் தையற்காரனுடையதா? எனது கார் பொத்தான் பிரேக் கார் என்று தெரிந்தவன் நான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் இல்லையென்று சொல்லியிருப்பார். வாடகை வானை எனது கணக்கில் போட்டுக்கொண்டு, மிச்சத்தைப் பாதி பாதியாகப் பிரித்தோம். ஹாஜியாருக்கு இன்னும் அதில் திருப்தியில்லை.

அதோடு விடயம் முடியவில்லை. அந்த வாரத்திலேயே வந்த இரண்டு பொத்தான் பிரேக் கார்களை அவர் பயந்து திருப்பி அனுப்பிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். ஊரில் இப்படியான கார்கள் கூடிக்கொண்டு போகின்றன. அவரது கராஜுக்கு வரும் வேலை குறைந்துகொண்டு போகிறது. ஸ்கேனர் வாங்குவதுதானே என்றேன். கையில் மொத்தக் காசில்லை, லீசிங் கம்பனிக்குப் போக விருப்பமில்லை என்றார். எனது கடையில் துணிக் கட்டுகளில் முடங்கிக் கிடக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் அந்தத் தொகை பெரிதல்ல. வட்டியில்லாமல் கொடுத்தேன். எழுத்தில் எழுதி, இருவரும் கையெழுத்து வைத்துத்தான் கொடுத்தேன். நட்பு வேறு, கொப்பி வேறு. ஒரு பகுதியைக் காசாகவும், ஒரு பகுதியை எனது காரின் வேலையாகவும் கழிப்பது என்று பேச்சு.

ஸ்கேனர் வந்த பிறகு முதல் ஒரு மாதம் அவரது மகன்தான் அதை இயக்கினான். ஓ.எல். படித்துவிட்டு வீட்டிலிருந்த பொடியன். தகப்பன் கையால் செய்வான், மகன் திரையைப் பார்த்துச் சொல்வான். பதினான்கு மாதத்தில் கடன் முடிந்தது. இப்போது மாத்தளையிலிருந்தும் கார்கள் வருகின்றன.

சென்ற மாதம் டயர் மாற்றப் போனபோது வாசலில் புதிதாக ஒரு பலகையைக் கண்டேன். சிங்களத்திலும் தமிழிலும் எழுதியிருந்தார்: ‘உங்கள் வாகனம் பொத்தான் பிரேக்கா? சாவி தரும்போது சொல்லவும்.’