செத்த காலேஜில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

“பட்டணம் போனா உயிர்க் காலேஜும் பார்க்கணும், செத்த காலேஜும் பார்க்கணும்னு எங்க ஊர்ப் பக்கம் சொல்லுவாங்க. உயிர்க் காலேஜை உங்க மாமா இருந்தப்பவே பார்த்துட்டேன். இன்னொண்ணு பாக்கி!”

சனிக்கிழமை ராத்திரி இட்லியைப் பிட்டுக்கொண்டே என் மாமியார் இப்படிச் சொன்னதும், ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் விழித்தாள். “செத்த காலேஜா? அங்கே யார் பாட்டி படிக்கிறாங்க?”

பழைய சென்னைவாசிகளுக்கு இந்தப் பெயர்கள் அத்துப்படி. உயிர்க் காலேஜ் என்றால் மிருகக்காட்சி சாலை. செத்த காலேஜ் என்றால் எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1851-ல் தொடங்கியபோது, புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி நடந்த கட்டடத்தில்தான் அருங்காட்சியகம் இருந்ததாம். அதனால்தான் ‘காலேஜ்’ ஒட்டிக்கொண்டது என்பார்கள். எழும்பூருக்கு இடம் மாறிய பிறகு, முதல் பொறுப்பாளரான எட்வர்டு பால்ஃபர் அதே வளாகத்தில் ஒரு விலங்குக் காட்சியையும் ஆரம்பித்தார். சென்னை மிருகக்காட்சி சாலையின் ஆரம்பம் அதுதான். அப்படிப் பார்த்தால் இரண்டு காலேஜுமே ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

மாமியார் எங்களோடு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. மாமா காலமான பிறகு, திருவெண்காட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த ஓட்டு வீட்டை விற்றுவிட்டு, பல்லாவரத்தில் மூன்றாவது மாடியில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தார். வந்ததிலிருந்து, ‘அங்கே போகணும், இங்கே போகணும்’ என்று அவராகக் கேட்டதே இல்லை. முதன்முதலாகக் கேட்ட இடம் இதுதான். மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டோம்.

முதலில் திமிங்கிலம்

பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி, பாந்தியன் சாலைக்கு ஆட்டோ பிடித்தோம். 18-ம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் விருந்துக்கும் நடனத்துக்கும் கூடிய ‘பாந்தியன்’ என்ற மண்டபம் இருந்த இடம் இது. சாலைக்குப் பெயர் வந்ததும் அதனால்தான். உள்ளே நுழைந்தால் பெரிய மரங்களும் சிவப்புக் கட்டடங்களுமாக ஒரு சின்ன ஊரே இருக்கிறது. சுமார் 16 ஏக்கர், ஆறு கட்டடங்கள். 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகமும் பக்கத்திலேயே இருக்கிறது.

குழந்தைகளோடு போகிறவர்கள் எங்கே முதலில் போவார்கள் என்று சொல்லவே வேண்டாம். திமிங்கில எலும்புக்கூட்டின் கீழே நின்று அண்ணாந்து பார்த்த மகள், “இது விலா எலும்பா, படகா?” என்றாள். பிறகு யானையின் எலும்புக்கூடு, பாடம் செய்து வைத்த பறவைகள், விலங்குகள். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “இப்போ புரியுது பாட்டி. எல்லாமே செத்துப் போனது. அதான் செத்த காலேஜ்!” என்று தீர்ப்பு சொன்னாள்.

எங்களைச் சுற்றி நிறையக் குடும்பங்கள். வேன் பிடித்து வந்த வெளியூர்க்காரர்கள் கைகோத்துக்கொண்டு வேக வேகமாக நடந்தார்கள். ஒரு கூடத்துக்கு இரண்டு நிமிடம், வாசலில் ஒரு போட்டோ, அடுத்த கூடம். நாங்களும் அதுவரை அப்படித்தான் நடந்துகொண்டிருந்தோம். எங்களை நிற்க வைத்தது ஒரு கல்.

நம்ம பல்லாவரம்!

தொல்லியல் பகுதியில் வரிசையாகக் கல் கருவிகள். உள்ளங்கை அகலம், ஒரு பக்கம் கூர், பிடித்துக்கொள்ள வசதியாக மறுபக்கம் மழுப்பல். முதல் பார்வைக்கு, சாலையோரம் கொட்டிக் கிடக்கும் ஜல்லியில் பெரிய ஒன்று என்றுதான் தோன்றும். மகள் தாண்டிப் போகப் பார்த்தாள். நான் இழுத்து நிறுத்தி, எனக்குத் தெரிந்த கதையைச் சொன்னேன்.

ராபர்ட் புரூஸ் ஃபூட் என்று ஒரு நிலவியலாளர். 1863-ம் ஆண்டு மே 30-ம் தேதி, பல்லாவரத்தில் ராணுவத்தினர் அணிவகுக்கும் மைதானத்துக்குப் பக்கத்தில் சரளை மண் தோண்டிய பள்ளத்தில், ஒரு கல்லைக் கண்டெடுத்தார். உடைந்த விதத்தைப் பார்த்ததும், இது தானாக உடைந்த கல் இல்லை, மனிதன் கை வைத்துச் செதுக்கியது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இந்தியாவில் பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு முதல் சாட்சி அந்தக் கைக்கோடரிதான். அதே ஆண்டு, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தன. அங்கே பிறகு நடந்த அகழாய்வுகளின் அடிப்படையில், அந்தக் கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழையவை என்று 2011-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஃபூட் வாழ்நாளெல்லாம் சேர்த்த கற்கருவிகளையும் பானை ஓடுகளையும் 1904-ல் இந்த அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது.

“நம்ம பல்லாவரமா? சந்தை நடக்குற பல்லாவரமா?” மகளுக்கு நம்பவே முடியவில்லை.

பழைய டேப் ரெக்கார்டர் முதல் ரோஜாச் செடி வரை எதுவும் கிடைக்கும் எங்கள் ஊர் வெள்ளிக்கிழமைச் சந்தை ஊரறிந்தது. “அங்கே கிடைச்சதுலேயே ரொம்பப் பழைய சாமான் இதுதான்” என்றேன். அவள் சிரிக்கவில்லை. கண்ணாடியில் மூக்கு ஒட்டும்படி நின்று பார்த்தாள். பிறகு வலது கையைக் குவித்து, அந்தக் கல்லைப் பிடிப்பதுபோல் விரல்களை மடக்கிப் பார்த்தாள்.

அடுத்ததாக ஆதிச்சநல்லூர். தாமிரபரணிக் கரையில் இருக்கும் அந்த இடுகாட்டில் 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ நடத்திய அகழாய்வில் கிடைத்த இரும்பு, வெண்கலப் பொருள்களும் பானைகளும் இந்த அருங்காட்சியகத்துக்குத்தான் வந்து சேர்ந்தன. இறந்தவர்களை வைத்துப் புதைக்கும் முதுமக்கள் தாழி பற்றிச் சொன்னதும் மாமியார், “நாம நெல்லு கொட்டி வைக்கிற குதிர் மாதிரிதானே? அதிலே நெல்லு, இதிலே ஆளு” என்றார், ரொம்ப சாதாரணமாக.

கண்ணாடிக்குள் ஊர்க்காரர்

செப்புத் திருமேனிகள் இருக்கும் கட்டடத்தின் வாசலில் மாமியார் செருப்பைக் கழற்றப் போனார். “செருப்போடயே வரலாம் அத்தை” என்றேன். அவருக்கு மனசு வரவில்லை. கழற்றி ஒரு பையில் போட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தார்.

சிற்பம் பற்றி ஒன்றுமே தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இங்கே அரை மணி நேரமாவது நில்லுங்கள். முதலில் மெழுகில் உருவத்தைச் செய்து, அதைச் சுற்றி மண் பூசிக் காய வைத்து, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண் அச்சை உடைத்துவிட வேண்டும். அதனால் ஒரு அச்சுக்கு ஒரே சிலைதான். சுவாமிமலையில் இன்றைக்கும் இப்படித்தான் வார்க்கிறார்கள்.

திருவாலங்காட்டு நடராஜர் இங்கேதான் இருக்கிறார். பிரான்ஸ் நாட்டுச் சிற்பி ரோடான் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. இந்த அருங்காட்சியகத்து நடராஜரைப் புகைப்படங்களில் பார்த்தே மயங்கிப்போய் ஒரு கட்டுரை எழுதினார். அவர் இறந்த பிறகு 1921-ல் அது அச்சாகி வந்தது. நாகப்பட்டினத்தில் மண்ணுக்கடியில் கிடைத்த புத்தர் திருமேனிகளும் இந்த அருங்காட்சியகத்தில் உண்டு. சோழர் காலத்தில் கடல் கடந்து வந்த வணிகர்களும் துறவிகளும் வணங்கிய ஊர் அது.

நான் மகளுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது மாமியாரைக் காணவில்லை. தேடினால், ஒரு சிலை முன்னால் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் போய்ப் பலகையைப் படித்தேன். அர்த்தநாரீஸ்வரர். 11-ம் நூற்றாண்டு. திருவெண்காடு.

வலப்பாதி சிவன், இடப்பாதி உமை. வலப்பக்கம் இரண்டு கைகள், மேல் கையில் மழு. கீழ்க்கை, பக்கத்தில் நிற்கும் காளையின் மேல் சாய்ந்திருப்பதுபோல மடங்கியிருக்கிறது. காளை இல்லை. இடப்பக்கம் ஒரே கை, வளைந்த இடை, கணுக்கால் வரை ஆடை. இரண்டு உடல் என்று தோன்றவே தோன்றாது. ஒரே மூச்சில் நிற்கும் ஒரு ஆள்.

“பலகையைப் படிச்சீங்களா அத்தை?”

“இல்லையே. பார்த்ததும் நின்னுட்டேன்.” ஊர்ப் பெயரைச் சொன்னதும் அவர் கண் கலங்கிவிட்டது. “எங்கப்பா சொல்லுவாரும்மா. நான் கைக்குழந்தையா இருந்த காலத்துல, திருவெண்காட்டுல மண்ணைத் தோண்டினப்போ சாமி சாமியா வந்துச்சாம். ஊரே போய்ப் பார்த்துச்சாம். அப்புறம் சர்க்கார்ல கொண்டு போயிட்டாங்கன்னு சொல்லுவாரு. எங்கே கொண்டு போனாங்கன்னு எனக்குத் தெரியாது.” பிறகு சிலையைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். “நீயும் இங்கேதான் வந்துட்டியா?”

மகள் கேட்ட கேள்வி

திருவெண்காட்டில் 1951 தொடங்கிப் புதையலாகக் கிடைத்த திருமேனிகளில் சில இங்கே இருக்கின்றன. புகழ்பெற்ற ரிஷபவாகன தேவர் தஞ்சாவூர் கலைக்கூடத்தில் இருக்கிறார். படையெடுப்பு நடந்த காலங்களில் கோயில்காரர்களே இவற்றைப் பாதுகாப்பாகப் புதைத்திருப்பார்கள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். புதைத்தவர்கள் திரும்ப வந்து எடுக்கவில்லை. 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்கடியில் இப்படி எது கிடைத்தாலும் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். பல சிலைகள் அருங்காட்சியகத்துக்கு வந்த வழி அதுதான்.

“அப்போ கோயிலுக்கே திருப்பிக் கொடுத்துடலாமே? பாட்டி ஊர்ல பூ வெச்சு விளக்கு ஏத்துவாங்கல்ல?” என்றாள் மகள்.

நியாயமான கேள்வி. என்னிடம் பாதி பதில்தான் இருந்தது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் இருந்த நடராஜர் திருடுபோய், ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் வரை விலைபோய், 2014-ல்தான் நாடு திரும்பினார். பூட்டிய சின்னக் கோயில்களில் இருந்து எத்தனையோ சிலைகள் அப்படிக் கடல் கடந்திருக்கின்றன. இங்கே இருப்பவை பத்திரமாக இருக்கின்றன. எந்த ஊர்க்காரர் வேண்டுமானாலும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து, கருவறையில் பார்க்க முடியாத நெருக்கத்தில் பார்க்கலாம். ஆனால் எண்ணெய்க் காப்பு, மாலை, வீதியுலா எதுவும் இவருக்கு இனி இல்லை. இரண்டுமே உண்மை. நான் இரண்டையும் சொல்லிவிட்டு, “நீங்க என்ன சொல்றீங்க அத்தை?” என்றேன்.

அவர் யோசித்தார். “ஊர்ல இருந்தா நல்லாத்தான் இருக்கும். ஆனா இங்கே இருக்கறதாலதானே இந்தப் புள்ளை பார்த்துச்சு” என்றார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாள்களில் காலை 9.30 முதல் மாலை 5 மணி வரை பார்க்கலாம். தேசிய விடுமுறை நாள்களிலும் திறக்க மாட்டார்கள். முழு வளாகத்தையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள், கால் கெஞ்சும். பெரியவர்களோடு போனால் காலையிலேயே போய், செப்புத் திருமேனிகளை முதலில் பாருங்கள். திமிங்கிலமும் சிறுவர் அருங்காட்சியகமும் பிறகு. தண்ணீர் பாட்டிலும் நடக்க வசதியான செருப்பும் அவசியம்.

இன்னொன்று, இது என் அனுபவத்தில் கண்டது. பலகைகளில் ஊர்ப் பெயரைத் தேடிப் படியுங்கள். உங்கள் ஊர், அம்மா ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர் என்று எதாவது ஒன்று கண்ணில் படும். அதன் முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். கூட வந்த பெரியவர்களைப் பேச விடுங்கள். பலகையில் இல்லாத கதை அவர்களிடம் இருக்கும்.

திரும்பும்போது மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார் மாமியார். மகள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கிண்டி தாண்டியதும் திடீரென்று கேட்டார்.

“அவர் இங்கே வந்து எத்தனை வருஷம் இருக்கும்மா?”

“அறுபது, எழுபது வருஷம் இருக்கும் அத்தை.”

“எனக்கு ஒரு வருஷம்தானே ஆகுது” என்றார். சிறிது நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அடுத்த தடவை போறப்போ எனக்குக் கொஞ்சம் மல்லிப்பூ வாங்கிக் குடு. அங்கே வைக்க விட மாட்டாங்கன்னு தெரியும். கையிலே வெச்சுக்கிட்டு நிக்கிறேன்” என்றார்.

பல்லாவரம் வந்துவிட்டது. மகளை எழுப்பினோம்.