வார்ப்பிரும்புக்கு ஒரு நியாயம், பிளாஸ்டிக்குக்கு ஒரு நியாயமா?

கோயம்புத்தூரில் பம்பின் வார்ப்படக் கூடு விரிசல் விட்டால் யாரும் அதை உடனே பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதில்லை. கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ ஒரு பட்டறைக்குப் போகும். விரிசல் முடியும் இடத்தில் சின்னதாக ஒரு துளை போடுவார்கள். விரிசலை ‘வி’ வடிவத்தில் கீறி, கூட்டைச் சூடேற்றி, பற்றவைத்து, மெல்ல ஆறவிடுவார்கள். வார்ப்பிரும்பு வெல்டிங்குக்கு எளிதில் மசிகிற உலோகம் அல்ல. அதில் கார்பன் 2 சதவீதத்துக்கும் மேல் இருக்கிறது. அவசரமாக ஆறவிட்டால் பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி விரியும். இத்தனை நெளிவுசுளிவு தெரிந்த ஊரில், ஜீப்பின் பம்பரோ மண்தடத்தில் ஓடும் பைக்கின் மட்கார்டோ விரிந்தால் மட்டும் பெரும்பாலும் இரண்டே வழிதான் சொல்கிறார்கள்: ஃபெவிகுயிக், அல்லது புதுசு. இது தலைகீழான கணக்கு. பற்றவைப்பதற்கு வார்ப்பிரும்பைவிட இந்த பிளாஸ்டிக் எவ்வளவோ இணக்கமான பொருள். வார்ப்படத்துக்குக் காட்டும் அதே ஒழுங்கை அதற்கும் காட்டினால் போதும்.

இந்தப் பக்கத்தில் வேலைக்குப் பஞ்சமில்லை. பொள்ளாச்சித் தோப்புகளுக்குள்ளும் கிளுவை வேலி போட்ட இட்டேரிகளிலும் வால்பாறை எஸ்டேட் தடங்களிலும் தினம் ஓடும் வண்டிகள் இருக்கின்றன. பல்லடம் பக்கம் கேத்தனூர் காற்றாலைக் காடுகளில் ராலி ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கல் அடிக்கிறது, முள் கிழிக்கிறது, வண்டி சாய்கிறது. முதலில் உடைவது பிளாஸ்டிக்தான்.

பசை ஏன் நிற்பதில்லை? இந்த உறுப்புகளில் பெரும்பாலானவை பாலிப்ரொப்பிலீன், அல்லது அதில் ரப்பர் போன்ற ஒரு பொருளைக் கலந்தவை. 1954-இல் இத்தாலியின் ஜூலியோ நாட்டா உருவாக்கி, 1963-இல் கார்ல் சீக்லரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொள்ளக் காரணமான பொருள் இது. எந்தப் பசையும் பரப்பில் படர்ந்து நனைத்தால்தான் பிடிக்கும். பாலிப்ரொப்பிலீன் பரப்பு அப்படி நனைய விடுவதில்லை. போதாக்குறைக்கு, உடனே ஒட்டும் பசைகள் இறுகியதும் கண்ணாடிபோல நொறுங்கக்கூடியவை. மட்கார்டோ ஓயாமல் அதிர்வது. ஆனால் சுமார் 165 டிகிரி செல்சியஸில் இதே பிளாஸ்டிக் உருகுகிறது. விரிசலின் இரு ஓரங்களும், அதை நிரப்ப வைக்கும் பிளாஸ்டிக் குச்சியான ராடும் ஒரே நேரத்தில் உருகினால், நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, ஆறும்போது பின்னிக்கொள்கின்றன. அது ஒட்டு அல்ல. பொருள் தன்னோடு தானே சேர்வது.

இதற்கு முதல் நிபந்தனை, எந்த பிளாஸ்டிக் என்று தெரிவது. உறுப்பைக் கழற்றி உள்பக்கம் பார்த்தால் பெரும்பாலும் அம்புக்குறிகளுக்கு நடுவே பிபி, பிஈ, ஏபிஎஸ் என்று ஆங்கில எழுத்தில் அச்சிட்டிருக்கும். குறி இல்லையென்றால் உள்பக்கத்திலிருந்து ஒரு சீவலை எடுத்துத் தண்ணீரில் போடலாம். கலப்பில்லாத பாலிப்ரொப்பிலீனும் பாலிஎத்திலீனும் மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கும். டால்க் தூள் அதிகம் கலந்த பம்பர் பிளாஸ்டிக்கும் மூழ்கக்கூடும் என்பதால் இந்தச் சோதனையை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஒரு பிளாஸ்டிக்குக்கு வேறொன்றின் ராடை வைத்தால் மேலே அழகாக வழிந்து நிற்கும், நகத்தால் நெம்பினால் பெயர்ந்து வரும். ராடுக்கு அலையவும் வேண்டாம்: அதே குறி உள்ள பழைய பம்பரை மெல்லிய பட்டைகளாகச் சீவினாலே ராடுதான். பட்டறையில் எல்லாவற்றையும் ‘ஃபைபர்’ என்று சொல்லிவிடுவார்கள். உண்மையான ஃபைபர் கிளாஸ் சூட்டில் உருகாது. அதற்கு ரெசினும் கண்ணாடி இழை விரிப்பும்தான் வேண்டும்.

வேலை தொடங்குவது சோப்புத் தண்ணீரில். சேறும் கிரீஸும் பெயிண்ட்டும் போய், நிறம் வெளுத்த மேல்தோலும் சுரண்டப்பட்ட பிறகு, விரிசலின் நுனியில் துளை. விசையெல்லாம் அந்தக் கூரான நுனியில்தான் குவிகிறது. வட்டத் துளை அதைப் பரப்பிவிடுகிறது. பிறகு ‘வி’ பள்ளம். பாலிப்ரொப்பிலீனுக்கு ஹாட் ஏர் கன்னின் மூக்கில் வரும் காற்று ஏறத்தாழ 300 டிகிரி இருந்தால் போதும். நம் ஊரில் வேலை கெடுவது இங்கேதான். காய்ச்சிய சாலிடரிங் அயர்னால் மேலாக இழுத்துத் தேய்த்துவிட்டு, பற்றவைத்ததாகப் பேர் பண்ணிவிடுகிறார்கள். ராடு மட்டும் உருகி, அடிப்பரப்பு உருகவில்லையென்றால் அது வெறும் பூச்சு. சூடு மிஞ்சினாலோ காற்றிலுள்ள ஆக்சிஜன் சங்கிலிகளைத் துண்டித்து, பழுப்பேறிய, நொறுங்கும் பிளாஸ்டிக்கை மிச்சம் வைக்கும். ராடின் இரு ஓரத்திலும் மெல்லிய வரம்பாக பிளாஸ்டிக் பிதுங்கி வருவதுதான் இரண்டும் சேர்ந்து உருகியதற்கு அடையாளம்.

வெல்டிங் செய்த இடம் பழைய பலத்துக்கு வருமா? வராது. ஜெர்மனியின் வெல்டிங் சங்கமான டிவிஎஸ்-இன் நெறிமுறைகள் பாலிப்ரொப்பிலீனில் வெப்பக்காற்றுப் பற்றவைப்புக்குக் குறுகிய காலத்துக்கு 0.8, நீண்ட காலத்துக்கு 0.4 என்று காரணி தருகின்றன. அதாவது, எப்போதும் சுமை தாங்கி நிற்கும் தொட்டியில் மூலப்பொருளின் பாதி பலத்தைக்கூட நம்பிக் கணக்கிடக் கூடாது. ஆனால் மட்கார்டு எந்த நீரையும் தேக்கி வைப்பதில்லை. எப்போதாவது அடி வாங்குகிறது, மற்ற நேரம் சும்மா இருக்கிறது. மேலும், அதன் உள்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. அங்கே துருப்பிடிக்காத கம்பி வலையைப் பதித்து ராடைக் கனமாக ஓட்டினால் குறையும் பலத்தில் பெரும்பகுதியை ஈடுகட்டலாம்.

இரண்டாவது ஆட்சேபம் காசு: இன்ஷூரன்ஸ் இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு? சாதாரண முழுக் காப்பீட்டில் பிளாஸ்டிக், ரப்பர், நைலான் உறுப்புகளுக்குத் தேய்மானமாக 50 சதவீதம் கழித்துவிடுகிறார்கள். அதாவது பாதிப் பணம் நம் பை. தவிர, ஒரு கிளைம் வைத்தால், முதல் ஆண்டில் 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம்வரை ஏறும் நோ கிளைம் போனஸும் போகிறது. மலிவான டூப்ளிகேட் பம்பர் கிடைக்குமே என்பார்கள். கிடைக்கும், அதன் ஓட்டைகள் சேஸிஸில் பொருந்துமா என்பது வேறு கதை. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: கூலி மணிக்கணக்கில் ஏறும் வேலை இது. கைக்கடக்கமான சின்ன மூடிக்குப் புதுசு வாங்குவதே புத்திசாலித்தனம்.

தொடவே கூடாத இடங்களும் உண்டு. பெட்ரோல் டேங்க் காலியாக இருந்தாலும் ஆவி வெடிக்கும். சில டேங்குகள் குறுக்குப் பிணைப்பு கொண்ட பாலிஎத்திலீன் என்பதால் உருகவும் மாட்டா. ஹெல்மெட் விரிந்தால் மாற்றத்தான் வேண்டும். ரேடார் சென்சார் பின்னால் ஒளிந்திருக்கும் பம்பரில், சென்சாருக்கு நேர் எதிரே ராடும் வலையும் அதன் பார்வையைக் கெடுக்கும். வெயிலில் வெளுத்து, தேய்த்தால் வெள்ளைப் பொடி உதிர்கிற பிளாஸ்டிக்கில் பற்றவைத்த இடம் நிற்கும், அதன் பக்கம் உடையும்.

நன்றாகப் பற்றவைத்ததும் திரும்ப விரிவது பெரும்பாலும் போல்ட் முடுக்குவதால்தான். 30 டிகிரி வெப்பம் ஏறினால் ஒரு மீட்டர் இரும்பு அரை மில்லிமீட்டர்கூட நீளாது. கலப்பில்லாத பாலிப்ரொப்பிலீன் 3 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். பம்பரில் நீள்வட்டமாக ஓட்டை விட்டிருப்பது அந்த நகர்வுக்காக. அதில் வாஷர் இல்லாமல் ஸ்பேனரை முழு பலத்தோடு திருகினால், சித்திரை வெயிலில் நீள இடமில்லாமல் போல்ட் ஓரத்திலேயே அடுத்த விரிசல் தொடங்கும். ஆகவே மாட்டும்போது அகலமான வாஷர் போட்டு, போல்ட்டைக் கையால் திருகி, ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் கொடுத்து நிறுத்துவது நல்லது.