மருத்துவரே நோயாளியானபோது

2020ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்த ஒரு பெண் தம் கைத்தொலைபேசியில் காணொளி ஒன்றைப் பதிவுசெய்தார். மூக்கில் உயிர்வாயுக் குழாய். பேசப் பேச மூச்சு வாங்கியது. கழுத்தில் கடுமையான வலி இருப்பதாகச் சொல்லியும் மருத்துவர் தம்மை நம்பவில்லை என்று அவர் கூறினார். அவர் பெயர் சூசன் மூர். வயது 52. அவரும் ஒரு மருத்துவர்தான்.

மிச்சிகன் மாநிலத்தில் வளர்ந்த கறுப்பினப் பெண் மூர். முதலில் பொறியியல் படித்தார். பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். அவருடைய பெற்றோர் இருவருக்கும் முதுமை மறதி நோய். மகனுக்கு 19 வயது. பெற்றோரைப் பராமரிப்பதும் மகனைப் படிக்க வைப்பதும் அவர் பொறுப்பில் இருந்தன. நவம்பர் இறுதியில் அவருக்குக் கோவிட்-19 தொற்று உறுதியானது. நுரையீரலைப் பாதிக்கும் வேறொரு நோய் அவருக்கு ஏற்கெனவே இருந்ததால், வரக்கூடிய ஆபத்து என்ன என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால், சிகிச்சை அளித்த மருத்துவரோ அவருக்கு மூச்சுத் திணறல் இல்லை என்று கருதினார். வலிநிவாரணியைத் தொடர்ந்து கொடுக்கத் தயங்கினார். வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றும் பேச்சு எழுந்தது. போதைமருந்துக்கு அடிமையானவரைப்போலத் தம்மை நடத்தினார்கள் என்று மூர் வேதனைப்பட்டார். தம் கழுத்தை ஊடுகதிர் மூலம் ஆராயும்படி அவரே வற்புறுத்தினார். அதில் நோயின் அறிகுறிகள் தெரிந்த பிறகுதான் வலிக்கு மருந்து கிடைத்தது. தாம் வெள்ளையராக இருந்திருந்தால் இப்படிப் போராட நேர்ந்திருக்காது என்று காணொளியில் சொன்னார். மருத்துவம் தெரிந்த தமக்கே இந்த நிலை என்றால், தமக்காக வாதாடத் தெரியாத கறுப்பினத்தவரின் கதி என்ன என்பதே அவருடைய கவலை.

டிசம்பர் 7ஆம் நாள் அவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். 12 மணி நேரம்கூட ஆகவில்லை. காய்ச்சல் ஏறியது, இரத்த அழுத்தம் இறங்கியது. வேறொரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டும் டிசம்பர் 20ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது.

இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு இந்நிகழ்வை ஆராய்ந்த வெளிநிபுணர் குழு, அவருக்கு அளிக்கப்பட்ட மருத்துவ சிகிச்சை மரணத்துக்குக் காரணமன்று என்று கூறியது. அதே குழு, அவரைப் பராமரித்த விதத்தில் பரிவு குறைந்திருந்தது என்றும் கூறியது. இந்த இரண்டாவது கூற்றைச் சிறிய குறையாக எண்ணிக் கடந்துவிட முடியாது.

கறுப்பினத்தவரின் வலி ஏன் ஐயத்துக்கு உள்ளாகிறது? வெர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2016ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் பங்கேற்ற வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேர், கறுப்பினத்தவரின் உடலைப் பற்றி ஏதேனும் ஒரு தவறான கருத்தையாவது நம்பினர். அவர்களுடைய தோல் தடிமனானது என்பது அவற்றுள் ஒன்று. அத்தகைய நம்பிக்கை உடையோர் வலியைக் குறைத்து மதிப்பிட்டதும் ஆய்வில் தெரியவந்தது. இவர்கள் மருத்துவம் படித்தவர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

நோய்ப்பரவல் காலத்தில் வேறு சுமைகளும் சேர்ந்துகொண்டன. பேருந்து ஓட்டுவது, முதியோர் இல்லங்களில் பணியாற்றுவது, கடைகளில் பொருள் அடுக்குவது போன்ற வேலைகளை வீட்டிலிருந்து செய்ய முடியாது. இத்தகைய பணிகளில் கறுப்பினத்தவர் அதிகம். வேலைக்குச் சென்றவர் கொண்டுவந்த கிருமி, வீட்டிலிருந்த தாத்தா பாட்டியையும் தொற்றியது. 2020ஆம் ஆண்டில், வயது வேறுபாட்டைக் கணக்கில் கொண்டு பார்த்தால், கோவிட்-19ஆல் கறுப்பினத்தவர் இறந்த விகிதம் வெள்ளையரைவிட ஏறத்தாழ இரு மடங்கு.

ஒரு கருவியும் இந்தக் கதையில் வருகிறது. 2021ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தெமாசெக் அறநிறுவனம் வீட்டுக்கு ஒன்று என்று இலவசமாக வழங்கிய ஆக்சிமீட்டர் உங்கள் வீட்டு இழுப்பறையிலும் இருக்கலாம். விரலை அதனுள் வைத்தால், சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் விரலை ஊடுருவிச் செல்லும். உயிர்வாயு நிறைந்த இரத்தமும் குறைந்த இரத்தமும் அந்த ஒளிகளை வெவ்வேறு அளவில் உறிஞ்சும். அந்த வேறுபாட்டைக் கொண்டு கருவி ஓர் எண்ணைக் காட்டுகிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனினும் ஒளியை உறிஞ்சும் என்பதுதான் சிக்கல். கருநிறத் தோலில் கருவி, உண்மையைவிட உயர்ந்த எண்ணைக் காட்டக்கூடும்.

மூர் இறப்பதற்கு மூன்று நாள்களுக்கு முன், அவர் பயின்ற அதே மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இதைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டனர். கருவி 92 முதல் 96 விழுக்காடு எனக் காட்டியபோது, தமனியிலிருந்து எடுத்த இரத்தத்தைச் சோதித்தார்கள். உண்மையான அளவு 88 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தது வெள்ளையரில் 3.6 விழுக்காட்டினரிடம், கறுப்பினத்தவரில் 11.7 விழுக்காட்டினரிடம். மூரின் மரணத்துக்கும் இப்பிழைக்கும் தொடர்பு உண்டு என்று கூற ஆதாரமில்லை. ஆயினும், யாரைக் கட்டிலில் வைத்திருப்பது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்பதைப் பல இடங்களில் இந்த எண்ணை வைத்தே முடிவுசெய்தனர். நோயாளி மூச்சு முட்டுகிறது என்கிறார். கருவி நலம் என்கிறது. எதை நம்புவார்கள்?

2013ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டியின்படி, இக்கருவியைக் குறைந்தது 10 பேரிடம் சோதித்தால் போதும். அவர்களுள் கருநிறத் தோலுடையவர் இருவர் இருந்தால் போதும். 2025ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியான புதிய வரைவு, பல்வேறு தோல் நிறங்களைக் கொண்ட 150 பேரையாவது சோதிக்க வேண்டும் என்கிறது. அந்த மாற்றம் இனிச் செய்யப்படும் கருவிகளுக்கே உதவும். இழுப்பறையில் இருக்கும் கருவி பழையதுதான். ஆகவே, அது எந்த எண்ணைக் காட்டினாலும், மூச்சு வாங்கினால் மருத்துவரிடம் செல்லுங்கள்.