இதயத்துல ஓட்டையா, மூடாத கதவா? பி.எஃப்.ஓ. பத்தி ஒரு விளக்கம்

இன்னைக்கு எபிசோடு நம்ம நேயர் ஒருத்தர் அனுப்பின கேள்வியிலிருந்து. "ஹெல்த் செக்கப்ல எக்கோ எடுத்தேன். ரிப்போர்ட்ல 'சின்ன பி.எஃப்.ஓ.'ன்னு இருக்கு. இதயத்துல ஓட்டைன்னு வீட்ல ஒரே அழுகை. ஜிம்முக்குப் போகக்கூடாதாம். கல்யாணப் பேச்சையும் நிறுத்தி வெச்சுட்டாங்க. நான் என்ன செய்யணும்?"

'ஓட்டை'ங்கிற வார்த்தைதான் இங்க பாதி பயத்தைக் கிளப்புது. அதை ஒரு கதவுன்னு நினைச்சுப் பாருங்க.

அம்மா வயித்துல இருக்கும்போது நம்ம நுரையீரல் மூச்சு விடுற வேலையைச் செய்யாது. ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியா வருது. அந்த ரத்தம் நுரையீரலைச் சுத்திப் போகாம, இதயத்தின் வலது மேலறையிலிருந்து நேரா இடது மேலறைக்குப் போக ஒரு குறுக்குவழி உண்டு. அதுக்குப் பேர் ஃபொராமென் ஓவேல். நம்ம எல்லாருக்குமே அது இருந்தது.

பிறந்து முதல் மூச்சு இழுத்ததும் இடது பக்க அழுத்தம் கூடி, அந்தக் கதவு சாத்திக்கும். அப்புறம் மெல்ல மெல்ல சுவரோட ஒட்டிக்கும். ஆனா சுமார் நாலு பேர்ல ஒருத்தருக்கு முழுசா ஒட்டறதில்லை. அதுதான் பி.எஃப்.ஓ. சுவரிலேயே ஒரு பகுதி இல்லாம போற ஏ.எஸ்.டி. வேற விஷயம், அதுக்கான சிகிச்சையும் வேற. அதனால ரிப்போர்ட்ல எது எழுதியிருக்குன்னு முதல்ல பாருங்க.

சரி, இதுல ஆபத்து எங்க இருக்கு? கால் நரம்புல உருவாகிற சின்ன ரத்தக்கட்டி சாதாரணமா நுரையீரல்ல வடிகட்டப்பட்டுடும். இருமும்போது, முக்கும்போது ஒரு கணம் வலது பக்க அழுத்தம் கூடி, ஒட்டாத கதவு திறக்கலாம். அந்த நேரத்துல கட்டி இடது பக்கம் தாண்டிட்டா, மூளைக்குப் போய் பக்கவாதம் வரலாம். இது அபூர்வம்தான், ஆனா நடக்கும். 2022 மார்ச்ல அமெரிக்க மாடல் ஹெய்லி பீபருக்கு 25 வயசுல மினி ஸ்ட்ரோக் வந்தது. பரிசோதனையில பி.எஃப்.ஓ. தெரிஞ்சு, அப்புறம் அதை அடைச்சாங்க. நீண்ட விமானப் பயணம், கோவிட், கருத்தடை மாத்திரை மூணும் சேர்ந்திருக்கலாம்னு அவங்களே வீடியோவுல சொன்னாங்க.

அப்போ எல்லாரும் அடைச்சுக்கணுமா? வேண்டாம். தற்செயலா தெரியவந்து, எந்தப் பிரச்சினையும் இல்லைன்னா, பெரும்பாலும் சிகிச்சையே தேவையில்லை. ஸ்கூபா டைவிங் போறவங்க மட்டும் முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடணும்.

வேற காரணம் எதுவும் தெரியாம பக்கவாதம் வந்த 60 வயசுக்குட்பட்டவங்களுக்குத்தான் அடைப்பு உதவுது. 2017-ல வெளியான குளோஸ் என்ற ஆய்வுல, பெரிய வழியோ தளர்ந்த சுவரோ இருந்தவங்களைச் சேர்த்தாங்க. அடைப்பு சிகிச்சைக்குத் தேர்வான 238 பேர்ல ஒருத்தருக்கும் மறுபடி பக்கவாதம் வரலை. ஆஸ்பிரின் மாதிரி மருந்து மட்டும் எடுத்த 235 பேர்ல 14 பேருக்கு வந்தது. ஆனா அடைச்சவங்கள்ல 4.6 சதவீதம் பேருக்கு இதயத்துடிப்பு ஒழுங்கு தவறியது. அதனால கூட்டிக் கழிச்சுப் பார்த்துத்தான் முடிவெடுப்பாங்க. நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. தொடை நரம்பு வழியா சின்னக் குடை மாதிரி ஒரு கருவியை அனுப்பி அடைச்சுடுவாங்க.

கேள்வி கேட்ட நண்பருக்கு: ரிப்போர்ட்டை ஒரு இதய டாக்டர்கிட்ட காட்டுங்க. வீட்ல இருக்கிறவங்களையும் கூட்டிட்டுப் போங்க. பி.எஃப்.ஓ. மட்டும்தான்னு அவர் உறுதி செஞ்சா, ஜிம்மும் கல்யாணமும் நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

எல்லாருக்கும் ஒண்ணு: முகம் ஒரு பக்கம் கோணுதா, கை தூக்க முடியலையா, பேச்சு குழறுதா? சின்ன வயசுதானேன்னு காத்திருக்காம உடனே 108-க்குக் கூப்பிடுங்க. கட்டியைக் கரைக்கிற ஊசியைப் பொதுவா நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.