கடுகின் காரம் சிறுநீர்ப்பைக்குப் போகும் வழி

தெற்கு லண்டன் குரோய்டனின் சர்ரே தெருச் சந்தைக்குச் சாசனம் கிடைத்தது 1276-இல். இன்றும் அங்கே முட்டைக்கோசும் புரோக்கோலியும் குவிகின்றன. சற்று வடக்கே, லண்டன் ரோட்டுத் தமிழ்க் கடைகளில் முள்ளங்கியும் கடுகும் வாங்கலாம். எல்லாமே கடுகுக் குடும்பத்துத் தாவரங்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் உணவுக்கும் என்ன தொடர்பு என்று தேடுகிறவர்களின் கண் நெடுநாளாக இந்தக் குடும்பத்தின்மேல் இருக்கிறது.

பச்சை முள்ளங்கியைக் கடித்தால் மூக்கில் ஏறுகிறதே ஒரு காரம், அது கடிக்கும்வரை அங்கே இருப்பதில்லை. செடி ஒரு சேர்மத்தையும், அதை வெட்டும் மைரோசினேஸ் என்ற நொதியையும் தனித்தனி அறைகளில் வைத்திருக்கிறது. பல் பட்டு அறைகள் உடைந்ததும் இரண்டும் கலக்கின்றன. ஐசோதயோசயனேட்டு என்ற கந்தகச் சேர்மம் பிறக்கிறது. பூச்சிகளை விரட்டச் செடி கண்ட ஆயுதம் அது.

நொதிக்குச் சூடு ஆகாது. வேகவைத்தால் புரோக்கோலியின் நொதி அழிந்துவிடும். தாளிக்கும் கடுகுக்கும் அதே கதிதான். ஆனால் கடுகைப் பச்சையாக அரைத்துப் பச்சடியில் சேர்க்கும்போது நொதி பிழைத்துக்கொள்கிறது. ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெந்த புரோக்கோலியில் சிறிது கடுகுத்தூள் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பிட்டவர்களின் சிறுநீரில் அந்தக் கந்தகச் சேர்மத்தின் எச்சம் நான்கு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. நம் பாட்டிமார் ருசிக்காக அரைத்த கடுகுக்குள் இப்படியொரு வேதியியல்!

அந்த எச்சத்தைச் சிறுநீரில் தேடியதற்குக் காரணம் உண்டு. நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிக்கின்றன. வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன்களில் ஒன்பது! அதில் ஒன்றரை லிட்டர் போலத்தான் வெளியேறுகிறது. மீதியை உடல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அதனால் உடல் வேண்டாமென்று விடும் பொருட்கள் சிறுநீரில் பல மடங்கு செறிகின்றன. அந்தச் செறிவான கரைசல் மணிக்கணக்கில் சிறுநீர்ப்பையில் தங்குகிறது.

அதைத் தாங்கும் உட்சுவர் அசாத்தியமானது. மேல்வரிசையில் குடைச் செல்கள். ஒவ்வொன்றும் கீழே உள்ள பல செல்களை மூடி நிற்கும். அவற்றின் முகப்பில் யூரோபிளாக்கின் என்ற புரதத் தகடுகள் நெருக்கமாகப் பதிந்திருப்பதால் சிறுநீர் உள்ளே கசிவதில்லை. பை நிரம்ப நிரம்ப, செல்லுக்குள் மடித்து வைத்த உபரிச் சவ்வு வெளியே வந்து பரப்பை விரிக்கிறது. காலியானதும் உள்ளே போய்விடுகிறது. குடலின் உட்சுவர் ஒரு வாரத்துக்குள் புதுப்பிக்கப்படும். இந்தச் செல்களோ பல மாதங்கள் உழைக்கின்றன.

அந்தக் கந்தகச் சேர்மம் தரக்கூடிய நன்மை வரும் அதே வழியில் நஞ்சும் வரும். 1895-இல் ஃபிராங்க்பர்ட்டின் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், சாயத் தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைக் கட்டிகள் வருவதைக் கவனித்துச் சொன்னார். பின்னாளில் பிடிபட்ட குற்றவாளிகள் அரோமாட்டிக் அமீன்கள் என்ற சேர்மங்கள். சிகரெட் புகையிலும் அவை உண்டு. பிரிட்டனில் இந்தப் புற்றுநோயில் ஏறத்தாழப் பாதிக்குப் புகைதான் காரணம்.

உணவு வழியாக வந்த நஞ்சுக்கு டான்யூப் துணையாறுகளின் கரையோரச் சிற்றூர்கள் சாட்சி. கோதுமை வயலில் களையாக வளர்ந்த அரிஸ்டலோக்கியாவின் விதைகள் மாவில் கலந்து, ரொட்டி வழியே தலைமுறைகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தன. சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அந்த நஞ்சு டிஎன்ஏவில் அடினினை மாற்றித் தைமினை வைக்கிறது. பல ஆண்டுகளுக்குப் பிறகும் கட்டியில் அந்தக் கைரேகையைப் படிக்கலாம். நம் ஆடுதின்னாப்பாளையும் இதே பேரினம்தான். நாட்டு மருந்து என்று யார் கொடுத்தாலும் அதை உட்கொள்ளாதீர்கள்.

திரும்பக் கடுகுக் குடும்பத்துக்கு வருவோம். அமெரிக்காவின் ராஸ்வெல் பார்க் ஆய்வகத்தில் நஞ்சூட்டிய எலிகளில் 96 சதவீதத்துக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வந்தது. புரோக்கோலி முளைச் சாறு அதிக அளவில் கொடுத்தவற்றில் 38 சதவீதம்தான். மனிதர்களிடம் கிடைத்த முடிவுகள் இவ்வளவு தெளிவாக இல்லை. தண்ணீர் விஷயமும் அப்படியே: சுமார் 48,000 அமெரிக்க ஆண்களைத் தொடர்ந்த 1999 ஆய்வில் நிறையக் குடித்தவர்களுக்கு ஆபத்து பாதியானது, பிந்தைய ஐரோப்பிய ஆய்வில் அந்த வேறுபாடு தெரியவில்லை. ஒற்றைக் காயைவிட முழுச் சாப்பாட்டைப் பார்ப்பதே பொருத்தம் என்பது என் கருத்து. காய், பருப்பு, மீன், ஆலிவ் எண்ணெய் சேர்ந்த மத்தியதரைக்கடல் உணவை ஒட்டி உண்டவர்களுக்கு ஆபத்து 15 சதவீதம் குறைந்திருந்தது; 13 நெடுநாள் ஆய்வுகளில் 6 லட்சத்துக்கும் அதிகமானோரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு இது. பருப்பும் கீரையும் மீனும் உள்ள நம் சாப்பாட்டுக்கு அது தூரத்து உறவல்ல.

புகைப்பவர் அதை விட்டால் கிடைக்கும் பலனை எந்தக் காயும் தராது. சிறுநீரில் ஒரே ஒரு முறை, வலியே இல்லாமல் ரத்தம் தெரிந்தாலும் அதே வாரம் ஜீபியைப் பாருங்கள். 45 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்குக் காரணம் தெரியாமல் ரத்தம் வந்தால் அவசரப் பரிசோதனைக்கு அனுப்பும்படி பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது.